கிளாஸுக்கு ஆன்லைனில் ஒரு டவுட் இடம்: அமைப்பது எப்படி, சொதப்புவது எங்கே

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் காலை முதல் இன்டர்னல்ஸ். என் போனில் 11 பேர் தனித்தனியாக ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள்: லிங்க்டு லிஸ்ட்டில் முதல் நோடை அழித்துவிட்டால் ஹெட் எதைக் காட்டும்? ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி அனுப்பினேன். ஏழாவது ஆளுக்கு வரும்போது கை ஓய்ந்துபோய், "இதை கிளாஸ் க்ரூப்பிலேயே கேட்டிருக்கலாமேம்மா" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "எல்லார் முன்னாடியும் கேட்கக் கூச்சமா இருக்கு மேம்."

சரி, அந்த க்ரூப்பில் அன்றைக்கு என்னதான் நடந்திருக்கிறது என்று திறந்து பார்த்தேன். 64 பேர் இருக்கிற க்ரூப். யாருடைய ஐ.டி. கார்டோ தொலைந்திருந்தது, ஒருவருக்குப் பிறந்தநாள், நாளைக்கு எந்த ரூம் என்று சி.ஆர். (கிளாஸ் ரெப்) போட்டதற்குக் கீழே வரிசையாக "ஓகே", "ஓகே", கட்டைவிரல். ஒரு டவுட்கூட இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை உருவாக்கிவிட்டு "ஸ்டூடன்ட்ஸ் ஆன்லைனில் பேசவே மாட்டேன் என்கிறார்கள்" என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பிக்கொண்டிருந்தவள் நான்தான்.

பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் செமஸ்டருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (கணினியில் தகவல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) எடுக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்கு பேட்சுகளில் இந்த டவுட் இடத்தைத் திருப்பித் திருப்பி அமைத்துப் பார்த்தேன். இரண்டு முறை படுதோல்வி, ஒரு முறை பரவாயில்லை, கடைசி முறை உண்மையிலேயே ஓடியது. இங்கே சொல்வதெல்லாம் அதிலிருந்து எடுத்ததுதான். நீங்கள் எடுப்பது பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங்காக இருக்கலாம், எம்.ஏ. வரலாறாக இருக்கலாம், பெரிதாக மாறாது.

அறிவிப்பை வெளியே எடுங்கள்

முதல் வேலை இது. அறிவிப்பும் டவுட்டும் ஒரே இடத்தில் இருந்தால் அறிவிப்புதான் ஜெயிக்கும். "நாளை 9 மணிக்கு லேப் ரெக்கார்டு சப்மிட் செய்யவும்" என்ற வரிக்குக் கீழே போய் "ரிகர்ஷன் புரியலை" என்று எழுத எவருக்கும் மனசு வராது. எழுதினாலும் 20 நிமிஷத்தில் அது மேலே போய் மறைந்துவிடும்.

அதனால் வாட்ஸ்அப்பை அழிக்க வேண்டாம், அதை நோட்டீஸ் போர்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். க்ரூப் செட்டிங்கில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட்டால் "ஓகே மேம்" மழை நின்றுவிடும். டவுட்டுக்கு வேறொரு இடம். அது எந்த இடம் என்பதில் நிறையப் பேர் மாசக்கணக்கில் யோசிக்கிறார்கள்; அவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. மூன்றே விஷயம் பார்த்தால் போதும். ஒரு கேள்விக்குத் தனித் தலைப்பு போட முடிகிறதா, இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்கிறதா, போன் நம்பர் வெளியே தெரியாமல் இருக்கிறதா.

வாட்ஸ்அப் சாதாரண க்ரூப் இந்த மூன்றிலும் தடுமாறும். குறிப்பாக அந்தக் கடைசி விஷயம்: க்ரூப்பில் சேர்ந்த எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். டவுட் கேட்டதற்காக ஒரு பெண்ணுக்கு ராத்திரி 11 மணிக்கு "ஹாய், நான் பி செக்‌ஷன்" என்று செய்தி வந்தால் அவள் அடுத்த டவுட்டை எங்கே கேட்பாள் என்று நினைக்கிறீர்கள்?

காலேஜில் ஏற்கெனவே மூடுல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் வெளியிட்ட, ஆன்லைனில் பாடம் நடத்துவதற்கான இலவச மென்பொருள் அது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கேள்வி, பதில் பேசுவதற்கான ஃபோரம் பகுதி கெட்டியானது. இன்னொரு லாபமும் உண்டு: லேட்டரல் என்ட்ரியில் (நேராக இரண்டாம் வருஷத்துக்கு) வருகிற டிப்ளமோ பிள்ளைகள் நம் ஊரில் செமஸ்டர் ஆரம்பித்துப் பல வாரம் கழித்துத்தான் சேர்வார்கள், அவர்களும் முதல் நாளிலிருந்து நடந்த பேச்சு முழுவதையும் உட்கார்ந்து படிக்கலாம். மூடுல் இல்லையா, கூகுள் கிளாஸ்ரூம் போதும். பிள்ளைகள் ஏற்கெனவே டிஸ்கார்டில் குடியிருந்தால் அங்கே ஃபோரம் சேனல் என்று ஒரு வகை உண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தலைப்பு கேட்கும், நன்றாகவே இருக்கும். டெலிகிராமில் க்ரூப்புக்குள் டாபிக்ஸ் என்பதைத் திறந்துவிட்டு, நம்பரை மறைக்கிற செட்டிங்கை எல்லாரையும் போடச் சொன்னால் அதுவும் ஓடும். ஆனால் ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று என்று ஐந்து ஆப்பை ஒரு பிள்ளையின் போனில் ஏற்றாதீர்கள். பக்கத்து பாடத்தின் ஆசிரியரிடம் பேசி, இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "எல்லாரும் எழுதட்டுமே" என்று ஒரு கூகுள் டாக்கை எடிட் வசதியோடு திறந்துவிடுகிற யோசனை எல்லாருக்கும் ஒரு முறை வரும், எனக்கும் வந்தது. மூன்றாம் நாள் யாரோ தெரியாமல் பாதியை அழித்துவிட்டார்கள். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, இது 50 வருஷப் பழைய தப்பு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் இதே மாதிரி எல்லாரும் திருத்தக்கூடிய பொதுக் கோப்பு ஒன்று இருந்ததாம், யார் எழுதியதையும் யாரும் மாற்றலாம். அதைச் சரிசெய்யத்தான் 1973-ல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன் 'நோட்ஸ்' என்ற நிரலை எழுதினான்: கேள்வி தனியாக நிற்கும், அதற்குக் கீழே பதில்கள் வரிசையாக வரும், இன்னொருவர் எழுதியதில் கை வைக்க முடியாது. இன்றைக்கு நாம் பார்க்கிற டிஸ்கஷன் பக்கங்களின் வடிவம் அன்றைக்கே வந்துவிட்டது.

எத்தனை அறை

என் முதல் படுதோல்வி இதில்தான். வி.டி.யூ. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து மாட்யூல். நானும் ஒழுங்காக மாட்யூலுக்கு ஒரு ஃபோரம், லேபுக்கு ஒன்று, 'பொது' என்று ஒன்று, ஆக ஏழு அறை கட்டினேன். பார்க்க ரொம்ப அழகு. உள்ளே போனால் ஏழிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிற கல்யாண மண்டபத்துக்குள் யார் நுழைவார்கள்?

இப்போது இரண்டே இரண்டு. 'டவுட்' ஒன்று, 'கேன்டீன்' ஒன்று. கேன்டீன் என்பது பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றுக்கும்: பழைய வினாத்தாள், ஹாக்கத்தான், யாருக்காவது ரூம்மேட் வேண்டும் என்றால் அதுவும். இது வீண் இல்லை, அந்த அரட்டைக்கு ஓர் இடம் கொடுக்காவிட்டால் அது டவுட்டுக்குள் புகுந்துவிடும். டவுட் பகுதியில் ஒரு வாரத்துக்கு 30 தலைப்புக்கு மேல் வர ஆரம்பித்தால் அப்போது பிரித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த நிலை லேப் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும்தான் வந்திருக்கிறது.

தலைப்பு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். "டவுட்", "மேம் ஹெல்ப்", "அர்ஜென்ட்" என்ற தலைப்புகளை நான் கோபப்படாமல் திருத்திவிடுவேன், மூடுலில் ஆசிரியரால் எந்தப் பதிவையும் திருத்த முடியும். "ப்ரோக்ராம் வரலை" என்று ஒரு பையன் போட்டதை "மாட்யூல் 2, ஸ்டாக்: மூடும் அடைப்புக்குறி வந்ததும் எதுவரை பாப் செய்ய வேண்டும்?" என்று மாற்றினேன் (ஸ்டாக் என்பது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கிற அடுக்கு, பாப் என்பது அப்படி எடுப்பது). அவன் கேட்க வந்ததும் அதுதான், அவனுக்கே அது தலைப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரம் இப்படி நீங்கள் திருத்தினால் மூன்றாவது வாரம் அவர்களே எழுதிவிடுவார்கள்.

மூடுலில் தட்ட வேண்டிய நாலு பொத்தான்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், செட்டிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோர்ஸை உருவாக்கும்போதே அனவுன்ஸ்மென்ட்ஸ் என்று ஒரு ஃபோரம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதில் ஆசிரியர் மட்டும்தான் எழுதலாம், எல்லாருக்கும் மெயில் போகும். அதை அப்படியே விடுங்கள். டவுட்டுக்குப் புதிதாக ஒன்று சேர்க்கும்போது வகை கேட்கும், 'ஸ்டாண்டர்ட் ஃபோரம் ஃபார் ஜெனரல் யூஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சிங்கிள் சிம்பிள் டிஸ்கஷன்' என்பது பெயரில் எளிமையாக இருக்கும், அதில் மொத்தமே ஒரே ஒரு தலைப்புதான். சப்ஸ்கிரிப்ஷன் என்ற இடத்தில் 'ஆட்டோ' போடுங்கள்: எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள், தொல்லை என்று நினைப்பவர் விலகிக்கொள்ளலாம். 'ஃபோர்ஸ்டு' போட்டால் விலகவே முடியாது, ஒரு நாளைக்கு 15 மெயில் வந்தால் மெயிலையே பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு செக்‌ஷன் சேர்த்து எடுப்பவர்கள் க்ரூப் மோடைக் கவனியுங்கள். 'செப்பரேட் க்ரூப்ஸ்' என்றால் ஏ செக்‌ஷன் எழுதுவது பி செக்‌ஷனுக்குத் தெரியாது. 'விசிபிள் க்ரூப்ஸ்' என்றால் பார்க்கலாம், எழுத முடியாது. டவுட்டுக்கு இரண்டுமே வேண்டாம், 'நோ க்ரூப்ஸ்' போட்டு எல்லாரையும் கலந்துவிடுங்கள். 64 பேரில் கேட்க ஆளில்லாத கேள்வி 128 பேரில் யாரோ ஒருவர் கேட்டுவிடுவார்.

'க்யூ அண்ட் ஏ' என்று இன்னொரு வகை இருக்கிறது, அருமையான சாதனம். நீங்கள் ஒரு கேள்வி போடுவீர்கள். தன் பதிலை எழுதாத வரைக்கும் மற்றவர்கள் பதில் ஒருவருக்குத் தெரியாது. காப்பி அடிக்க வழியில்லை. ஆனால் எழுதியவுடனேயும் தெரியாது, திருத்துவதற்கான அவகாசம் முடிய வேண்டும், மூடுலின் வழக்கமான அமைப்பில் அது 30 நிமிஷம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "மேம் நான் போட்டுட்டேன், ஒண்ணும் காட்டலை" என்று முப்பது பேர் உங்களைத் தேடி வருவார்கள். கூகுள் கிளாஸ்ரூமில் இதற்கு இணையானது கிளாஸ்வொர்க் பகுதியில் இருக்கும் 'க்வெஸ்சன்'; ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம் என்ற பெட்டியில் டிக் போட்டால் போதும். அப்புறம் கிளாஸ்ரூமின் ஸ்ட்ரீம் பகுதியை 'ஸ்டூடன்ட்ஸ் கமென்ட் மட்டும்' என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இன்னொரு வாட்ஸ்அப் ஆகிவிடும்.

பெயரை மறைக்க ஒரு வழி

கூச்சம் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்த வேலையின் நடுநாயகம். மற்றதெல்லாம் பொத்தான்கள்.

பியாட்சா என்று ஒரு டவுட் மென்பொருள் இருக்கிறது, அமெரிக்கக் கல்லூரிகளில் பிரபலம். அதை உருவாக்கிய பூஜா சங்கர் ஐ.ஐ.டி. கான்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், பையன்கள் கூடி உட்கார்ந்து அசைன்மென்ட் போடும்போது அவர்களிடம் போய்க் கேட்கத் தயங்கித் தனியாக முட்டி மோதியதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படிக்கும்போது 2009-ல் அதை ஆரம்பித்தார். அதில் சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமல் கேள்வி கேட்கலாம். கான்பூரில் அன்றைக்கு இருந்த கூச்சம்தான் இன்றைக்கு என் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது, பையன்களுக்கும் சேர்த்து.

மூடுலின் சாதாரண ஃபோரத்தில் பெயரை மறைக்க வழி கிடையாது, தனியாக பிளகின் போட வேண்டும், அதற்கு உங்கள் சிஸ்டம் அட்மினைத் துரத்த வேண்டும். நான் துரத்தவில்லை. ஒரு கூகுள் ஃபார்ம், ஒரே ஒரு பெட்டி, மெயில் ஐ.டி. சேகரிப்பதை ஆஃப் செய்துவிட்டு, லிங்க்கை ஃபோரத்தின் உச்சியில் ஒட்டிவிட்டேன். அதில் விழும் கேள்வியை நான் எடுத்து, என் பெயரில் "ஒருவர் கேட்டிருக்கிறார்" என்று தலைப்பாகப் போடுவேன். முதல் மாதம் வந்த டவுட்டில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. மூன்றாம் மாதம் அது தானாகவே குறைந்துவிட்டது; கேட்டால் யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

மொழியும் கூச்சத்தில் ஒரு பங்கு. என் வகுப்பில் ஒரு வரிசையில் கன்னடம், அடுத்த வரிசையில் தெலுங்கு, கே.ஜி.எஃப்., ஓசூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள், வடக்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் காரிடரில் வந்து தமிழில் கேட்பார்கள், பளிச்சென்று கேட்பார்கள். அதே ஆள் ஃபோரத்தில் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கேள்வியே காணாமல் போய்விடும். அதனால் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், கடைசியில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் சாரம் இருக்க வேண்டும் என்று வைத்தேன். "மேடம், இது அர்த்த ஆகலில்ல" என்று ஒருவர் கன்னடத்தில் ஆரம்பிப்பார், கீழே ஒரு ஆங்கில வரி, பதில் இந்தி கலந்த ஆங்கிலத்தில் வரும். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும், ஆனால் சரளமில்லை. நான் தடுமாறிப் படிப்பதைப் பார்த்து அவர்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதல் வாரக் கேள்வி

"உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். 64 பேரும் பெயர், ஊர், கிரிக்கெட் பிடிக்கும் என்று எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க மாட்டார். பாடத்தைத் தொடுகிற, ஆனால் பாடம் தெரியாதவரும் பேசக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். அதில் சரியான பதில் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

போன பேட்சில் நான் போட்டது: "இன்றைக்கு நீங்கள் நின்ற வரிசை ஒன்றைச் சொல்லுங்கள். முதலில் வந்தவர் முதலில் போனாரா?" தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் ஹோட்டல்) கூப்பன் வாங்கும் வரிசை, மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும் கூட்டம், கழுவிய தட்டை அடுக்கி வைத்து மேலிருந்து எடுப்பது என்று வந்துகொண்டிருந்தது. கே.ஜி.எஃப். பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற ஒரு பெண், கிளாஸில் வாயே திறக்காதவள், இப்படி எழுதினாள்: "எங்க ட்ரெயின்ல கடைசியா ஏறினவங்க வாசல்லயே நிப்பாங்க. கே.ஆர்.புரம் வந்தா அவங்கதான் முதல்ல இறங்குவாங்க. முதல்ல ஏறினவங்க உள்ள மாட்டிக்குவாங்க. இது க்யூ இல்ல."

அதற்குக் கீழே ஒருவன், "அப்போ ஸ்டாக்" என்றான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருத்தி கேட்டாள்: "பிளாட்பாரம் எதிர்ப்பக்கம் வந்தா?" அங்கேதான் பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கக் கதவு திறந்தால், முதலில் ஏறி உள்ளே தள்ளப்பட்டு அந்தக் கதவோரம் போய் நின்றவர் முதலில் இறங்குவார், அப்போது அது க்யூ. அதே பெட்டி, அதே ஆட்கள். ஒருவன் நோட்டில் பெட்டியின் படம் வரைந்து போட்டோ எடுத்துப் போட்டான். "ரெண்டு பக்கமும் ஏறலாம், ரெண்டு பக்கமும் இறங்கலாம்னா அதுக்குப் பேரே வேற இருக்கணும்" என்று அந்த மாரிக்குப்பத்துப் பெண்ணே மறுபடி வந்து எழுதினாள். இருக்கிறது: டெக். இரண்டு வாரம் கழித்து நடத்தலாம் என்று நான் எடுத்து வைத்திருந்த பாடம். 43 பதில், அதில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. என் பதிலைத் தட்டி அழித்து, தட்டி அழித்து, இரண்டு நாள் சும்மா இருந்தது எவ்வளவு கஷ்டம் என்பதை இன்னொரு வாத்தியார்தான் புரிந்துகொள்ள முடியும்.

எப்போது பதில் சொல்வது

என் இரண்டாவது படுதோல்வி வேகமான பதில். நான் ஐந்தாவது நிமிஷமே பதில் போட்டுவிடுவேன், அதுவும் கோடோடு. அப்புறம் அந்த இடம் எனக்கும் கேட்டவருக்கும் நடுவில் நடக்கிற கடிதப் போக்குவரத்தாகிவிட்டது, மற்ற எல்லாரும் வேடிக்கை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி அளவுதான், அதற்குள் வேறொருவரைக் கேட்பார்கள் அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். மூன்று வினாடிக்குக் குறையாமல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். ஆன்லைனில் அந்த மூன்று வினாடியை நான் 24 மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். சாதாரண டவுட்டுக்கு ஒரு நாள் வரை வாய் திறக்க மாட்டேன். யாராவது பாதி சரியாகச் சொல்லியிருந்தால் "முதல் வரி சரி, லிஸ்ட்டில் ஒரே ஒரு நோடுதான் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள்" என்று ஒரு தள்ளு தள்ளுவேன், அவ்வளவுதான். தேர்வுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இந்த விதி கிடையாது, உடனே பதில்.

தப்பான பதில் ஒரு நாள் முழுக்க அங்கே கிடக்குமே என்று கேட்பீர்கள். கிடக்கட்டும், ஆனால் இரண்டாவது நாளைத் தாண்டக் கூடாது. நான் வந்து பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தலைப்பில் 'பார்த்தாச்சு' என்று சேர்ப்பேன். அந்தச் சொல் இல்லாத பதிலை நம்பித் தேர்வு எழுதக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்கும் ஒரு நேரம் வையுங்கள். என் பிள்ளைகளில் பலர் வீடு போய்ச் சேரவே எட்டு, எட்டரை ஆகிவிடும், சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டினால் அதற்கும் மேலே. அவர்கள் டவுட் எழுதுவது ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. அந்த நேரம் என்னுடையது இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். நான் காலை 7 முதல் 7.30 வரை, அல்சூரில் வீட்டுப் பால்கனியில் காபியோடு உட்கார்ந்து பார்ப்பேன். தனியாக வாட்ஸ்அப்பில் வருகிற டவுட்டுக்கு ஒரே பதில்: "ஃபோரத்தில் போடுங்க, கூச்சமா இருந்தா ஃபார்மில் போடுங்க." இதில் ஒரு முறை இரக்கப்பட்டால் போச்சு, மறுபடி 11 பேர்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். "செக்மென்டேஷன் ஃபால்ட் வருது, பாருங்க" என்று முழு ப்ரோக்ராமையும் போனில் சாய்வாக போட்டோ எடுத்துப் போடுவார்கள். எந்த வரியில் என்று அவர்களுக்கே தெரியாது. மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன செய்யப் பார்த்தேன், என்ன வந்தது, இதுவரைக்கும் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவதை எழுத உட்காரும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். கோடை எழுத்தாக ஒட்ட வேண்டும், படமாக இல்லை. கணக்குப் பாடம் என்றால் பெரும்பாலான மூடுல்களில் இரட்டை டாலர் குறிக்கு நடுவில் லேடெக்கில் (கணிதக் குறிகளைத் தட்டச்சு செய்யும் முறை) எழுதினால் சமன்பாடு அழகாக வரும். கஷ்டம் என்றால் நோட்டில் எழுதிய பக்கத்தை போட்டோ எடுத்துப் போடட்டும், அதில் தப்பில்லை.

மார்க் போடலாமா

போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு பதிவு, இன்டர்னல்ஸில் 5 மார்க். அந்த செமஸ்டரில் 900 பதிவு. "நண்பர் நன்றாக விளக்கியிருக்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்கிற ரகம், ஞாயிறு ராத்திரி 11.50-க்கு. சாட்ஜிபிடியிலிருந்து அப்படியே ஒட்டியது இன்னொரு ரகம். கேள்வி ஒரு வரி, பதில் எட்டுப் பத்தி, நடுவில் தடித்த எழுத்தில் உபதலைப்பு. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தவள் நான்.

மார்க் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிபார்ட்மென்டில் சொன்னால், எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள். செமஸ்டர் முடிவில் ஆளுக்குத் தன்னுடைய சிறந்த இரண்டு பதிவைத் தானே எடுத்து, ஏன் அது சிறந்தது என்று நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்கு மார்க். நல்ல கேள்விக்கும் நல்ல பதிலுக்கும் சம மதிப்பு. மௌனமாகப் படிப்பவர்களைத் துரத்த வேண்டாம். இணையத்தில் எந்தக் கூட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டுமே வருவார்கள் என்று 2006-ல் ஜேக்கப் நீல்சன் எழுதினார். வகுப்பில் அவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் ஒருநாளும் எழுதாத ஒரு பையன் ஒவ்வொரு தலைப்பையும் படித்திருக்கிறான் என்பதை மூடுலின் லாகில் (யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவேடு) பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துதான் போனது.

சச்சரவு, சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதி மூன்றே போதும்: கேள்வியைக் கிண்டல் செய்யக் கூடாது, ஒருவர் போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே கொண்டுபோகக் கூடாது, மார்க், அட்டென்டென்ஸ் விவகாரம் இங்கே பேசக் கூடாது. முதல் மீறலுக்கு எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள், பதிவை எடுத்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். சீனியர்களைச் சேர்க்காதீர்கள். ஜூனியர்களைத் தொல்லை செய்ய சீனியர்கள் வைக்கும் வாட்ஸ்அப் க்ரூப்களும் ராகிங்தான் என்று யு.ஜி.சி. 2025-ல் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

க்ரூப் அட்மின் என்றால் வேறொருவர் போட்டதற்கும் நாம்தான் ஜெயிலுக்குப் போக வேண்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பாம்பே உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும் கேரள உயர்நீதிமன்றம் 2022-லும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லியிருக்கின்றன. நான் வக்கீல் இல்லை, ஆனால் பார்த்த பிறகும் எடுக்காமல் விடுவது வேறு விஷயம் என்பது எனக்கே தெரியும். இன்னொன்று: 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. முதல் வருஷத்தில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் பெயர், யு.எஸ்.என். (பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்), போன் நம்பர் எல்லாம் போட்ட எக்ஸெல் ஷீட்டைப் பொதுவில் ஒட்டும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும்

சட்டென்று மூடிவிடாதீர்கள், ரிசல்ட் வரும் வரை திறந்திருக்கட்டும், பேக்லாக் (அரியர்) எழுதுபவர்கள் வருவார்கள். அப்புறம் எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் வையுங்கள். நான் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் 20 தலைப்பு எடுத்து, பெயர்களை நீக்கி, கேட்டவரிடம் ஒரு வார்த்தை அனுமதியும் வாங்கி, அடுத்த பேட்சுக்கு 'பழைய டவுட்' என்று வைக்கிறேன். இருபதுக்கு மேல் வேண்டாம். ஒரு முறை 80 வைத்தேன், புது பிள்ளைகள் "எல்லாம் ஏற்கெனவே இருக்கே மேம்" என்று ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டார்கள்.

ரயில் தலைப்பை மட்டும் அந்த இருபதில் வைக்கவில்லை. அடுத்த பேட்சுக்கு மறுபடியும் வரிசைக் கேள்வியைத்தான் போடப் போகிறேன், மாரிக்குப்பம் வண்டியில் வருகிறவர்கள் இந்த முறையும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.